அறிவியல்நகரில் பொறியியல் தொடங்குகிறவர்களுக்கு: பொதுப் பாடங்களையும் தெரிவுப் பாடங்களையும் எப்படி எடுப்பது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. அங்கே அனுமதி கிடைத்துப் பெட்டி கட்டுகிற பிள்ளைகள் சீனியர்களிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் விடுதியையும் கணிதத்தையும் பற்றியவை. தெரிவுப் பாடங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாலாம் வருடக் கடைசியில் பட்டம் இழுபடுகிறவர்களைப் பார்த்தால் கதை வேறு. கணிதத்தில் மாட்டினவர்கள் ஒரு பக்கம் நிற்க, "அது சும்மா ரெண்டு கிரெடிட் பாடம்தானே" என்று தள்ளிப் போட்டவர்கள் இன்னொரு பக்கம் நிற்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் சேராமல் இருக்கத்தான் இது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பம் படிக்கப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: உங்கள் அணியின் கையேடு

பீடம் தருகிற மாணவர் கையேட்டை வாங்கி, முன் அட்டையில் எந்த அணிக்கு, அதாவது எந்த வருடம் சேர்ந்த மாணவர்களுக்கு, உரியது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் படிப்பு விஷயங்களைத் தீர்மானிக்கிற மூதவை பாடத்திட்டத்தை மாற்றும்போது புதிய அணிக்குத்தான் மாற்றும். பழைய அணி பழைய விதியிலேயே போகும். அதனால் இரண்டு வருடம் மூத்த அண்ணா "எங்களுக்கு இவ்வளவு கிரெடிட் போதும்" என்று சொல்வது அவருக்குச் சரியாக இருக்கும், உங்களுக்குப் பிழையாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கையேடு வேறு.

கையேட்டில் பாடங்கள் வகை வகையாகப் பிரிந்திருக்கும். கட்டாயப் பாடங்கள் எல்லாருக்கும் உண்டு, அதில் பேச்சுக்கே இடமில்லை. தொழில்நுட்பத் தெரிவுப் பாடங்கள் உங்கள் துறைக்குள் ஒரு பட்டியலிலிருந்து பிற்பகுதியில் எடுப்பவை. பொதுத் தெரிவுப் பாடங்கள் பொறியியலுக்கு வெளியே இருப்பவை: முகாமைத்துவம், கணக்கியல், பொருளியல், சட்டம், சமூகம், மொழி என்று போகும். இவை தவிர ஜிபிஏயில், அதாவது தரப்புள்ளிச் சராசரியில், சேராத பாடங்களும் சில இடங்களில் உண்டு. அவற்றின் பெறுபேறு சராசரியைத் தொடாது. ஆனால் சித்தியடையாவிட்டால் பட்டம் கிடையாது. "சேராது" என்ற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகாமல் விடுகிறவர்கள் ஒவ்வொரு அணியிலும் இருப்பார்கள்.

கிரெடிட் என்றால் எவ்வளவு வேலை

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடுகிற 50 மணித்தியாலம். விரிவுரை, ஆய்வுகூடம், ஒப்படை, தனியே இருந்து படிப்பது, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். கைத்தொழிற் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் அது 100 மணித்தியாலம். நாலு வருடச் சிறப்புப் பட்டம் அந்தச் சட்டகத்தில் 6ஆம் மட்டத்தில் வருகிறது. அதற்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது வருடத்துக்கு 30. பொறியியல் பட்டங்கள் வழக்கமாக அதையும் தாண்டும்.

இப்போது இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 100 மணித்தியாலம். வாரம் இரண்டு மணி விரிவுரை என்றால் 15 வாரத்தில் 30 மணி போய்விடும். மிச்சம் 70 மணி, வாரத்துக்கு நாலரை மணிக்கு மேல், உங்கள் தலையில். சின்னப் பாடம் என்று நினைத்து ஒரே செமஸ்டரில் மூன்றை அள்ளிப் போட்டால் என்ன நடக்கும் என்று இதிலிருந்தே தெரியும்.

சராசரியையும் பாருங்கள். ஏ தரத்துக்கு 4.0, சி தரத்துக்கு 2.0. இரண்டு கிரெடிட் பாடத்தில் ஏ எடுப்பதற்கும் சி எடுப்பதற்கும் இடையில் 4 புள்ளி வித்தியாசம். வருடத்து 30 கிரெடிட்டால் வகுத்தால் 0.13. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சிவிலா, கணினியா, மின்னா, இயந்திரமா என்று துறை பிரிக்கும் நேரத்தில் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இடையில் அதைவிடச் சின்ன இடைவெளிதான் இருக்கும்.

இந்தப் பாடங்கள் ஏன் இருக்கின்றன

சுருக்கமான பதில்: இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் பட்டத்தை அங்கீகரிக்கும்போது கேட்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு அங்கத்துவ நாடானது. அந்த உடன்படிக்கை எதிர்பார்க்கிற பட்டதாரி கணக்கும் வடிவமைப்பும் தெரிந்தவர் மட்டுமில்லை. சமூகம், சுற்றாடல், தொழில் ஒழுக்கம், குழு வேலை, தொடர்பாடல், திட்ட முகாமைத்துவமும் நிதியும் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். கனடாவில் படிக்கிற மச்சானிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அங்கே ஒரு விரிவுரை மணியை ஒரு அலகாக எண்ணி, பொறியியல் மாணவருக்குக் குறைந்தது 225 அலகு இப்படியான துணைப் பாடங்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் மனிதப் பண்பியல், கலை, சமூக அறிவியலில் எட்டுப் பாடம் எடுக்க வேண்டும். நீச்சல் சோதனையும் உண்டு. குளத்தில் விழுந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஒன்று இலகுவாக இருந்திருக்கும்.

நீளமான பதிலுக்கு வன்னியை விட்டு வெளியே போகத் தேவையில்லை. பீடத்துக்குக் கிட்டவே இரணைமடுக் குளம் இருக்கிறது. அந்தக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு ஒரு திட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர் கெட்டு வருகிறது, கிளிநொச்சியில் பெரிய குளம் இருக்கிறது, இடையில் குழாய் போட்டால் தீர்ந்தது: வரைபடத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும், சிறுபோகத்துக்குக் குளத்தை விட்டால் வேறு வழி கிடையாது, எங்கள் வயலுக்கே எல்லா வருடமும் தண்ணீர் காணாமல் இருக்கும்போது எதைக் கொடுப்பது என்று கேட்டார்கள். அது மாகாண அரசியலாகி, யாழ்ப்பாணத்தான் வன்னியான் என்ற பழைய புண்ணையும் கிளறிவிட்டது. கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திரும்பினார்கள். தாளையடியில் அந்த நிலையம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது.

குழாயின் விட்டத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சம் இருந்திருக்காது. தண்ணீர் யாருடையது, யாரிடம் முதலில் கேட்க வேண்டும், விளையாமல் போகிற போகத்தின் விலை என்ன, கடல்நீரைச் சுத்திகரிக்கிற செலவோடு அதை எப்படி ஒப்பிடுவது என்கிற கேள்விகள் பாய்மவியல் புத்தகத்தில் இல்லை. அவை பொருளியலிலும் சமூகத்திலும் சட்டத்திலும் இருக்கின்றன. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும், கீழே இருக்கிற சனத்துக்கு எப்படி அறிவித்திருக்க வேண்டும் என்று எழுந்த கேள்விகளும் அப்படித்தான். ஆகவே 'பொறியியலாளரும் சமூகமும்' என்ற மாதிரி ஒரு பாடம் நேரசூசியில் வந்தால் பின் வரிசையில் படுக்க வேண்டாம். ஒப்படைக்குத் தலைப்புத் தேடி இணையத்தில் அலையவும் வேண்டாம். பஸ் ஏறிப் போய்க் கமக்கார அமைப்பு ஒன்றின் தலைவரோடு அரை மணி கதைத்தால் போதும், வேறு ஊர் மாணவர் யாரும் எழுத முடியாத ஒப்படை கையில் இருக்கும்.

முதல் வருடம்

தொடக்கத்தில் எல்லாரும் ஒரே பாடங்கள்தான் படிப்பார்கள்: கணிதம், வரைதல், பொருட்கள், கணினி நிரலாக்கம், ஆங்கிலம். தெரிவு என்று பெரிதாக இல்லை. அதனாலேயே இங்கே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆங்கிலத் தொடர்பாடல் பாடம்.

உயர்தரத்தைத் தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் விரிவுரை விளங்குவதே பெரும்பாடு. தகைப்பு, விகாரம் என்று படித்ததெல்லாம் ஒரே நாளில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் ஆகிவிடும். ஆங்கிலப் பாடத்தைச் 'சித்தியடைந்தால் போதும்' என்று வைத்துக்கொள்கிறவர்கள் ஆய்வுகூட அறிக்கை, திட்ட அறிக்கை, பயிற்சிக்கான நேர்முகம் என்று ஒவ்வொரு இடத்திலும் அதன் வட்டியைக் கட்டுவார்கள். வாரம் ஒரு ஆய்வுகூட அறிக்கையை நண்பரின் பழைய பிரதியைப் பார்க்காமல் சொந்தமாக எழுதுங்கள். பிழையோடு இருக்கட்டும். முதல் வருடத்தில் பிழை விட்டால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

சிங்களமும் இருக்கிறது. உங்கள் அணியில் தெற்கிலிருந்து வந்த பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பயிற்சிக்குக் கொழும்புப் பக்கம் போனால் வேலைத்தளத்தில் மேசனோடும் வெல்டரோடும் கதைக்க ஆங்கிலம் உதவாது. மொழிப் பாடம் தெரிவாகக் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் விடுதி அறைத் தோழனிடம் படியுங்கள், பதிலுக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்கள். அதற்குக் கிரெடிட் கிடையாது, ஆனால் பயிற்சியில் முதல் வாரமே பலன் தெரியும்.

பொதுத் தெரிவுப் பாடத்தைத் தெரிவது

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் அடுத்த கட்டடத்துக்கு நடந்துபோய் வரலாறோ இசையோ படித்துவிட்டு வரலாம். நமக்கு அது சரிவராது. கலைப்பீடமும் முகாமைத்துவ பீடமும் திருநெல்வேலியில் இருக்கின்றன. அறிவியல்நகரிலிருந்து ஏ-9 வழியாகச் சுமார் 70 கிலோமீற்றர். கிளிநொச்சி வளாகத்தில் அயலில் இருப்பவை விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும்தான். அதனால் பீடத்துக்குள்ளேயே இருக்கிற துறையிடைக் கற்கைகள் துறையும் வெளியிலிருந்து வருகிற விரிவுரையாளர்களுமே பொதுப் பாடங்களுக்குத் துணை. கையேட்டில் பத்துப் பாடம் அச்சாகி இருந்தாலும் ஒரு செமஸ்டரில் நடப்பது அதில் சிலதுதான். கையேட்டைப் பார்த்து ஆசைப்படுங்கள், ஆனால் துறை அலுவலகம் போடுகிற அறிவித்தலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

தெரியும்போது நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பாடம் எந்தச் செமஸ்டரில் நடக்கும், அடுத்த வருடமும் நடக்குமா? குறைந்தது எத்தனை பேர் சேர வேண்டும்? ஆள் காணாமல் பாடம் கைவிடப்பட்டால் கடைசி நேரத்தில் வேறொன்றுக்கு ஓட வேண்டி வரும், அதற்கு இரண்டாவது தெரிவு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். புள்ளி எப்படிப் பிரிகிறது? எழுத்துப் பரீட்சைக்கு 70 வீதமும் ஒப்படைக்கு 30 வீதமும் உள்ள பாடம் வேறு மாதிரி, பாதிப் புள்ளி குழு வேலைக்குப் போகிற பாடம் வேறு மாதிரி. குழுவில் வேலை செய்யாத ஆள் மாட்டினால் இரண்டாவது வகை நரகம். கடைசியாக, விரிவுரையாளர் எங்கிருந்து வருகிறார்? யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர் என்றால் வகுப்பு சனி ஞாயிறுக்குத் தள்ளப்படலாம், இரண்டு வார வகுப்பை ஒரே நாளில் வைக்கலாம். வெள்ளி பின்னேரமே முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ பஸ் ஏறுகிற பழக்கம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கேட்க வேண்டும். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை மண்டப வாசலில் நிற்க வேண்டி வரும் என்பது எல்லாப் பாடத்துக்கும் ஒன்றுதான்.

"எது ஈஸி?" என்ற கேள்விக்குச் சீனியர்கள் சொல்கிற பதிலை நம்பலாமா? பாதி நம்பலாம். அவர்கள் இலகு என்பது பெரும்பாலும் 'மனப்பாடம் பண்ணினால் போதும்' என்ற அர்த்தத்தில். எழுதுவதில் விருப்பம் உள்ளவருக்கு மனப்பாடப் பாடம் தண்டனை. எழுதக் கை வராதவருக்குக் கட்டுரைப் பாடம் தண்டனை. என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் கணக்கியல் அல்லது பொறியியற் பொருளியல் எடுங்கள், அதையும் கைத்தொழிற் பயிற்சிக்குப் போக முன்னர் எடுங்கள். வேலைத்தளத்தில் ஒப்பந்தக்காரர் பில் நீட்டும்போது, பணத்தின் இன்றைய பெறுமதியும் நாளைய பெறுமதியும் ஏன் வேறு என்று தெரிந்த மாணவருக்கும் தெரியாத மாணவருக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

தொழில்நுட்பத் தெரிவு

இது பிற்பகுதிக் கதை, ஆனால் வேர் முன்னாலேயே போடப்படுகிறது. நாலாம் வருடத் தெரிவுப் பாடங்கள் பலவற்றுக்கு முன்தேவைப் பாடம் உண்டு. புதுப்பிக்கத்தக்க சக்தி படிக்க ஆசைப்படுகிற மின்பொறியியல் மாணவர், அதற்கு எந்த மின்வலுப் பாடங்களை முன்னர் முடித்திருக்க வேண்டும் என்று மூன்றாம் வருடத்திலேயே பார்த்துவைக்க வேண்டும். பின்னாலிருந்து முன்னுக்கு வாருங்கள்: இறுதி ஆண்டுத் திட்டம் எதில் செய்ய விருப்பம், அதற்கு எந்தத் தெரிவுப் பாடம், அதற்கு எந்த முன்தேவை.

திட்டத்துக்கும் தெரிவுக்கும் தொடர்பு இருந்தால் வேலை பாதியாகும். மன்னாரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று. அதே மன்னார் வலசைப் பறவைகளின் பாதையிலும் இருக்கிறது. மின்வலு படிக்கிறவருக்கும் இயந்திரவியல் படிக்கிறவருக்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைத் தெரிவாக எடுக்கிறவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. சிவில் மாணவருக்கு நீர்ப்பாசனமும் நீரியலும் கண்முன்னே கிடக்கிற ஊர் இது. நண்பர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுக்கிற தெரிவைப் பற்றி என்ன சொல்ல? நண்பர்கள் நேர்முகத்துக்குக் கூட வர மாட்டார்கள்.

பதிவு செய்யும் வாரம்

செமஸ்டர் தொடங்கும்போது பாடப் பதிவு நடக்கும். பாடத்தைச் சேர்க்கவும் விடவும் கடைசித் திகதி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு நீங்கள் வகுப்புக்குப் போய்க்கொண்டே இருந்தாலும் பதிவில் பெயர் இல்லாவிட்டால் நீங்கள் அந்தப் பாடம் படிக்கவில்லை. மறுபக்கமும் உண்டு: விட்டுவிட்டதாக நினைத்துப் பதிவை நீக்காமல் இருந்தால் பரீட்சைக்கு வராதவர் என்று விழும். படிவத்தில் ஆலோசகரின் கையொப்பம் வாங்கிய பிறகு, கொடுப்பதற்கு முன்னர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் பதிவென்றால் கடைசி நாள் இரவுக்கு விட வேண்டாம். நவம்பர், டிசம்பர் மழையில் மின்சாரமும் சிக்னலும் எப்போது போகும் என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூடவே ஒரு கொப்பியில் பட்டியல் ஒன்று எழுதுங்கள். பாடக் குறியீடு, வகை, கிரெடிட், செமஸ்டர், பெறுபேறு என்று ஐந்து நிரல். வகை என்ற நிரல்தான் முக்கியம். ஒரு உதாரணம்: பொதுத் தெரிவில் 6 கிரெடிட் தேவை என்று கையேடு சொல்கிறது என்று வையுங்கள். மூன்றாம் செமஸ்டரில் 2, ஐந்தாம் செமஸ்டரில் 2, ஆறாம் செமஸ்டரில் 2. கூட்டினால் 6, நிம்மதி. ஆனால் ஆறாம் செமஸ்டரில் எடுத்த பாடம் கையேட்டில் தொழில்நுட்பத் தெரிவுப் பட்டியலில் இருக்கிறது, பெயர் மட்டும் முகாமைத்துவம் மாதிரி. பொதுத் தெரிவில் 4தான் தேறும். மொத்தக் கிரெடிட் தேவையைத் தாண்டியிருந்தாலும் பட்டம் நிற்கும். பெயரைப் பார்க்க வேண்டாம், பட்டியலைப் பாருங்கள்.

கோர்செரா போன்ற இணையப் பாடச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து "இதைக் கிரெடிட்டாகப் போடுங்கள்" என்று கேட்பதும் நடக்கிறது. பீடம் முன்னரே எழுத்தில் அனுமதிக்காத எதுவும் கிரெடிட் ஆகாது. அறிவுக்கு நல்லது, படியுங்கள்.

கோட்டை விட்டால்

ரிப்பீட் என்பது உலக முடிவு இல்லை, ஆனால் அதன் விலையைத் தெரிந்து வையுங்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மீளத் தோற்றுகிறவருக்குப் பொதுவாக சி தரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. பாடம் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடந்தால் அடுத்த அணியோடு காத்திருக்க வேண்டும், அப்போது உங்கள் நேரசூசியில் அதே மணிக்கு வேறு பாடம் இருக்கும். வகுப்புச் சித்தி (முதலாம், இரண்டாம் வகுப்பு) கேட்கிறவர்கள் பட்டத்தை உரிய காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நல்ல சராசரி வைத்திருந்தும் ஒரு பொதுப் பாடத்தால் வகுப்பை இழப்பது இப்படித்தான். சுகவீனத்தால் பரீட்சைக்குப் போக முடியாவிட்டால் மருத்துவச் சான்றிதழைக் கையேடு சொல்கிற நாட்களுக்குள், கையேடு சொல்கிற வழியில் கொடுங்கள். அது ஏற்கப்பட்டால் முதல் தடவையாகவே கணக்கெடுப்பார்கள், தரமும் குறையாது. தெரிவுப் பாடத்தில் இன்னொரு வழியும் சில இடங்களில் உண்டு: தவறிய பாடத்தையே திரும்ப எழுதாமல் அதே வகையில் வேறொரு பாடத்தை எடுத்து நிரப்பலாம். கேட்காதவருக்கு யாரும் இதைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். பீட அலுவலகத்தில் உதவிப் பதிவாளரிடம் போய்க் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் செமஸ்டர் பதிவுக்கு முன்னர் உங்கள் கொப்பியையும் பீடம் தருகிற பெறுபேற்றுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகை வகையாகக் கூட்டிப் பாருங்கள். எங்காவது குறைந்தால் இரண்டு செமஸ்டர் கையில் இருக்கிறது. எட்டாம் செமஸ்டரில் பார்த்தால் அந்தச் செமஸ்டரில் நடக்கிற பாடங்களை மட்டும்தான் சேர்க்கலாம், அதுவும் இறுதித் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டே.